பொருந்தாது

அந்த பெஞ்சிலிருந்து எழுந்த ஒவ்வொருவரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். எழுந்து, திரும்பி, தாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தை ஒருமுறை துடைத்தார்கள். ஆண்கள் துண்டால், பெண்கள் முந்தானையால், ஒரு பையன் தன் ஓ.பி. சீட்டின் ஓரத்தால். அப்புறம்தான் உள்ளே போனார்கள். கறுப்பு ரெக்சின் வைத்துத் தைத்த பெஞ்சு. எது உதிர்ந்தாலும் அதில் வெள்ளையாகத் தெரியும். துடைக்கும்படி யாரும் சொல்லவில்லை.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவு. செவ்வாய்க்கிழமை. சொரியாசிஸ்காரர்களுக்கென்று ஒதுக்கிய நாள். நான் அத்தைக்குத் துணையாக வந்திருந்தேன். துணைக்கு வந்தவனுக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. பையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சீட்டைக் கசங்காமல் வைத்திருக்க வேண்டும், பெயர் கூப்பிட்டால் எழுந்திருக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபேனுக்கு நேர் கீழே இருந்த இடம் மட்டும் காலியாகவே கிடந்தது. சித்திரை மாதத்தில் எந்த ஆபீசிலும் முதலில் நிரம்புகிற இடம் அதுதான். இங்கே ஒருவர் வந்தார், அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார், சுவரோரமாகத் தள்ளிப்போய் நின்றுகொண்டார். காற்றில் செதில் பறக்கும். பக்கத்தில் இருக்கிறவருக்கும் இதே நோய்தான் என்று தெரிந்தும் அவரால் அங்கே உட்கார முடியவில்லை.

அத்தைக்கு 58 வயது. நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். அந்த வெயிலில் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். மடியில் கட்டைப்பை. பைக்குள் ஒரு எவர்சில்வர் சம்புடம். களிம்பு வாங்க டப்பா நாம்தான் கொண்டுபோக வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். அரை மணி நேரமாக அவள் யாரையும் பார்க்கவில்லை, சம்புடத்தின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாள்.

உள்ளே ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் மேசை, அந்தப் பக்கம் பரிசோதிக்கும் கட்டில். மேசையில் மேற்படிப்பு படிக்கிற டாக்டரம்மா ஒருவர், 26, 27 வயது இருக்கும். அட்டையில் இரண்டு தாள்கள் கவ்வி வைத்திருந்தார். அவருடைய தீசிஸ் வேலை அது. மேசைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் ஒருவர் பதில் சொல்லும்போது வாசலோரம் நிற்கிற நாங்கள் நாலைந்து பேரும் கேட்டுக்கொண்டிருப்போம். கேட்காத மாதிரி நிற்க வேறு வழியில்லை.

முதல் தாள் தோலுக்கானது. ‘பாசி’ என்று அவர்கள் சுருக்கமாகச் சொல்கிறார்கள். 1978இல் ஃபிரெட்ரிக்சன், பெட்டர்சன் என்ற இருவர் ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கும்போது உண்டாக்கிய கணக்கு. தலை, கை, உடல், கால் என்று ஆளை நாலாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றிலும் சிவப்பு எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, செதில் எவ்வளவு என்று 0 முதல் 4 வரை மதிப்பெண். எவ்வளவு இடம் பரவியிருக்கிறது என்பதற்கு 0 முதல் 6 வரை. பெருக்கிக் கூட்டினால் அதிகபட்சம் 72.

கட்டிலில் அத்தை உட்கார்ந்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றச் சொன்னபோது என்னைப் பார்த்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். டாக்டரம்மாவின் குரல் மட்டும் வந்தது. "உங்க கையைக் குடுங்கம்மா." விரல்களைச் சேர்த்து வைத்தால் ஒருவரின் உள்ளங்கை அவர் உடம்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். அவரவர் கையே அவரவருக்கு அளவுகோல். அத்தையின் கையை எடுத்து அவள் தொடையிலும் கெண்டைக்காலிலும் மாற்றி மாற்றி வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். நான் திரும்பியபோது அத்தை தன் காலைப் பார்க்கவில்லை. தன் கையைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கையுறை இல்லை.

சொரியாசிஸ் தொற்றாது. இதைத் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1841இல் வியன்னாவில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா இரண்டையும் பிரித்துக் காட்டினார். 2014இல் உலக சுகாதாரப் பேரவை, தொற்றாத, தீராத, வலியும் முடக்கமும் தருகிற நோய் என்று தீர்மானத்திலேயே எழுதி வைத்தது. அத்தையின் ஊர் டீக்கடையில் இன்னும் அவளுக்கென்று ஒரு தம்ளர் தனியாக இருக்கிறது. அவளே வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்த தம்ளர். கடைக்காரர் கேட்பதற்கு முன்னால் தானே கொடுத்துவிட்டாள்.

டாக்டரம்மா கண்ணாடி ஸ்லைடு ஒன்றை எடுத்து முழங்கைத் தடிப்பின் மேல் அதன் ஓரத்தை வைத்து மெல்லச் சுரண்டினார். மெழுகுவர்த்தியை நகத்தால் சுரண்டினால் உதிருமே, அப்படி வெள்ளியாக உதிர்ந்தது. இன்னும் சுரண்டியபோது அடியில் ஈரமான மெல்லிய படலம் தெரிந்தது. அதுவும் பெயர்ந்ததும் குண்டூசி முனை அளவில் ரத்தப் புள்ளிகள் நாலைந்து துளிர்த்தன. நல்ல தோலில் ஒரு செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். இங்கே நாலைந்து நாளில் மேலே வந்துவிடுகிறது. முற்றாத செல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வதுதான் அந்த வெள்ளி. முன்கையில் நீளமாக ஒரு தடிப்பு இருந்தது, கோடு இழுத்த மாதிரி. "இங்க ஏதாவது கீறுச்சா?" என்று கேட்டார். உடைந்த வளையல் கீறிய இடம். கீறிய தடத்திலேயே நோய் எழுந்து வரும் என்றார்.

கால் கணக்கை அவர் சத்தமாகப் போட்டார். சிவப்பு 2, தடிப்பு 2, செதில் 3, ஆக 7. பரப்புக்கு 3. காலின் பங்கு 0.4. பெருக்கினால் 8.4. தலை, கை, உடல் எல்லாம் சேர்த்து 16.6. பத்தைத் தாண்டினாலே கடுமை என்பார்கள்.

பிறகு இரண்டாவது தாளைப் புரட்டினார்.

இந்தத் தாள் கார்டிஃப் நகரில் பிறந்தது. ஆண்ட்ரூ ஃபின்லே என்ற தோல் மருத்துவரும் கான் என்பவரும் 1994இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1987இல், சொரியாசிஸுக்கென்று தனியாக ஒரு தாளையும் ஃபின்லே உண்டாக்கியிருந்தார். 1994இன் தாளுக்கு அவர்கள் செய்த முதல் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. 120 நோயாளிகளிடம் போய், இந்தத் தோல் வியாதி உங்கள் வாழ்க்கையில் எங்கெங்கே இடிக்கிறது என்று கேட்டார்கள். அந்தப் பதில்களிலிருந்து எடுத்தவைதான் 10 கேள்விகள். அரிப்பு, கூச்சம், கடை கண்ணி வீட்டு வேலை, உடுத்துகிற துணி, வெளியே நாலு பேரோடு கலப்பது, விளையாட்டு, வேலை அல்லது படிப்பு, துணையும் நட்பும் சொந்தமும், தாம்பத்தியம், கடைசியில் வைத்தியமே தருகிற தொல்லை. கடந்த ஏழு நாளைப் பற்றி மட்டும் கேட்கும். மிக அதிகம் என்றால் 3, அதிகம் 2, கொஞ்சம் 1, இல்லவே இல்லை 0. மொத்தம் 30. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. சொரியாசிஸ் மருந்து ஒன்று வேலை செய்கிறதா என்று உலகத்தில் எங்கே சோதித்தாலும் பெரும்பாலும் இந்தத் தாளும் கூட இருக்கும்.

நோயாளி தானே படித்து, தானே டிக் போட வேண்டிய தாள். இரண்டு நிமிட வேலை. இங்கே பாதிப் பேருக்குப் படிக்க வரவில்லை, மீதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். டாக்டரம்மா வாசித்தார். ஒன்பதாவது கேள்விக்கு வரும்போது குரலை இறக்கினார். சில பேரிடம் அதை வாசிக்காமலே தாண்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசலில் நாங்கள் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தோம்.

அத்தைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தவர்களை நான் மறக்கவில்லை.

ஒருவர் பரோட்டா மாஸ்டர். நாற்பது வயது தாண்டியிருக்கும். இரண்டு முழங்கையிலும் வட்ட வட்டமாக. "வேலைக்குப் போக முடியாம ஆச்சா?" என்ற கேள்விக்கு உடனே, "இல்லைங்க, தெனமும் போறேன்" என்றார். போகிறார் என்றால் முழு 3 கிடையாது. தொல்லை எவ்வளவு என்று அடுத்துக் கேட்கும். "கொஞ்சம்" என்றார். 1. டாக்டரம்மா அடுத்த கேள்விக்குப் போன பிறகு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முன்னாடி கல்லுல நின்னேங்க. ரோட்டுல போறவன் பூரா நான் வீசுறதப் பாத்துட்டு நிப்பான். இப்பப் பின்னாடி வெங்காயம் உரிக்கிறேன். மொதலாளி நல்லவருதான், வேலைய விட்டு அனுப்பல." டாக்டரம்மாவின் பேனா நின்றது. தாளின் ஓரத்து வெற்றிடத்தில் சின்ன எழுத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். அதற்கு மதிப்பெண் கிடையாது.

அடுத்து ஒரு இளைஞன். செல்போன் கடையில் வேலை. உடம்பில் ஒன்றுமே இல்லை. உள்ளங்கை, தலை, நகம் மட்டும். நகங்களில் தையல்காரர் விரலில் மாட்டுகிற கூட்டில் இருக்குமே, அந்த மாதிரிப் பொடிக் குழிகள். முதல் தாளில் நகத்துக்குக் கணக்கே கிடையாது. பாசி 3ஐத் தொடவில்லை. இரண்டாம் தாளில் அவன் 19. "ஃபோன எடுத்து நீட்டுவேன் மேடம். அவங்க மாடலப் பாக்க மாட்டாங்க, கையத்தான் பாப்பாங்க." பெண் பார்க்கப் போன வீட்டில் காபி தம்ளரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று முந்தின நாளே யோசித்து வைத்ததைச் சொன்னான். ஃபின்லேயே 2005இல் ஒரு எளிய விதி சொன்னார். பரப்பு 10 சதவீதத்தைத் தாண்டினாலும் சரி, பாசி 10ஐத் தாண்டினாலும் சரி, இந்த வாழ்க்கைத் தாள் 10ஐத் தாண்டினாலும் சரி, அது கடுமையான சொரியாசிஸ்தான். அந்த விதி இல்லாவிட்டால் இந்தப் பையனுக்கு, "கொஞ்சந்தான் இருக்கு, ஆயின்மென்ட் போடுங்க" என்ற பதிலோடு வைத்தியம் முடிந்திருக்கும். தோலை மட்டும் பார்த்து அனுப்பக் கூடாது என்பதற்கு அவன் ஒருவனே எனக்குப் போதும்.

பிறகு ஒரு பெரியவர். முதுகு, வயிறு, கால் எல்லாம் ஒரே படலம். பாசி 20க்கு மேல். வாழ்க்கைத் தாளில் 1. அந்த ஒன்றும் அரிப்புக்கு. "கூச்சமா இருக்குதாங்கய்யா?" என்றதற்கு, "நான் மாடு மேய்க்கிறவன் தாயி. மாடு என்னக் கேக்கவா போகுது?" என்றார். உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் பின்னால் நின்ற அவர் மனைவி மெதுவாகக் கேட்டார்: "விடியக் காலம் நாந்தான் பாய உதறிப் போடுறேன். அத எங்கயாச்சும் எழுதுவீங்களா?" அதை எழுதவும் ஒரு தாள் இருக்கிறது. கார்டிஃப் குழுவினர் 2007இல் குடும்பத்தாருக்கென்று தனியாக 10 கேள்விகள் கொண்டுவந்தார்கள். குழந்தைகளுக்கும் ஒன்று உண்டு, படம் போட்டது. இந்த மேசையில் அவை இல்லை.

அத்தையின் முறை வந்தது. நான் ஸ்டூலுக்குப் பின்னால் நின்றேன்.

அரிப்பு? "அதிகந்தான்." 2.

மனசுக்குக் கூச்சமா, சங்கடமா? "வயசாச்சு தாயி, இனிமே என்ன?" 0.

கடைக்குப் போக, வீட்டு வேலை பார்க்க? "கடைக்கு மருமயன் போயிருவான்." 0.

துணி உடுத்துவதில்? "எப்பவும் போடுறதுதான்." 0. மணிக்கட்டு வரை மூடியிருந்த அந்த ரவிக்கைக் கையில் வியர்வை வட்டம் போட்டிருந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு பேரோடு கலந்துகொள்கிற விசேஷம், வெளியே போவது? "நான் எங்கயும் போறதில்லயே." பொருந்தாது.

விளையாட்டு? பொருந்தாது. வேலை? "வேலைக்கெல்லாம் போகல." பொருந்தாது. சொந்தக்காரர்களோடு சங்கடம்? "அதெல்லாம் ஒண்ணுமில்ல." 0. ஒன்பதாவதை அத்தையின் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவே நிரப்பினார். பொருந்தாது.

வைத்தியத்தினால் தொல்லை? "கொஞ்சம்." 1. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகிவிடும். காளாஞ்சகப்படை என்று சொரியாசிஸைச் சொல்கிற சித்த வைத்தியத்தில் அதற்குக் கொடுக்கிற தைலம். அது கொஞ்சம் கேட்கத்தான் செய்தது. ஆனால் அத்தையின் பாய், தலையணை, சுவரில் அவள் சாய்கிற இடம் எல்லாம் ஊதா. விருந்தாளி வந்தால் உட்காரச் சொல்ல முடியாத சுவர். அதற்குத்தான் அந்தக் "கொஞ்சம்".

மொத்தம் 3. 2 முதல் 5 வரை என்றால் சிறு பாதிப்பு. டாக்டரம்மா கீழே எழுதி வட்டம் போட்டார்.

எனக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்க்கைக்கு நான் மதிப்பெண் சொல்லலாமா என்ற தயக்கம் ஒரு பக்கம். எங்கள் வீட்டில் யாருமே இதுவரை வாய்விட்டுப் பேசாத ஒன்றை ஆஸ்பத்திரி மேசையில் வைத்துப் பேசுவதா என்ற கூச்சம் இன்னொரு பக்கம்.

அத்தை பூ கட்டுகிறவள். 11 வருஷத்துக்கு முன்னால் வரை. மல்லி, கனகாம்பரம், முல்லை எதுவானாலும் அவள் கை படும்போது பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, விரலில் நார் ஒரு சுழற்று, இறுக்கி ஒரு இழுப்பு. கண்ணி விழுந்தால் மூன்று நாள் ஆனாலும் நழுவாது. பேசிக்கொண்டே கட்டுவாள், கையைப் பார்க்கவே மாட்டாள். முகூர்த்த நாளில் விடிய விடியக் கட்டி, காலையில் கூடையோடு கொடுத்துவிட்டுக் கட்டுக்கூலி வாங்கி வருவாள். கையில் தடிப்பு வந்த பிறகும் இரண்டு வருஷம் கட்டினாள். ஒருநாள் கூடையை வாங்கிய வீட்டில், "பூவுல என்னமோ பொடியா விழுந்து கெடக்கு" என்றார்கள். சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்களாம். அத்தை கூலியை வாங்கவில்லை. வந்து நாரைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு பூவைத் தொடவில்லை. பூ கட்டாதவள் கல்யாண வீட்டுக்குப் போவதும் நின்றது, ஏனென்றால் கல்யாண வீட்டில் முதல் நாள் ராத்திரி பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூ கட்டுகிற இடத்தில்தான் அவளுக்கு இடம்.

வேலைக்கெல்லாம் போகல. நான் எங்கயும் போறதில்லயே. இரண்டும் பொய்யில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு இந்தப் "பொருந்தாது" என்ற கட்டத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். எனக்கு மட்டும் உறுத்திய விஷயம் அல்ல அது. எட்டுக் கேள்விகளுக்கு அந்தக் கட்டம் இருக்கிறது, அதில் டிக் போட்டால் மதிப்பெண் 0. நோயே ஒருவரை ஒன்றிலிருந்து ஒதுக்கிவிட்ட பிறகு, அந்த ஒதுக்கம் கணக்கில் 'பாதிப்பு இல்லை' என்று விழுகிறது. 2018இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பொருந்தாதவற்றைத் தள்ளிவிட்டு, மீதிக் கேள்விகளை வைத்து மொத்தத்தை ஏற்றிக் கணக்கிடுவது. நான் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அத்தைக்குப் பொருந்தாதவை நாலு. 3ஐ 10ஆல் பெருக்கி 6ஆல் வகுத்தால் 5. அப்போதும் சிறு பாதிப்புதான்.

இது வெறும் தாள் விஷயம் என்று ஒதுக்க முடியாது. பிரிட்டனில் விலை கூடிய உயிரியல் ஊசி மருந்துகளில் பலவற்றை அரசுச் செலவில் பெற வேண்டுமானால் பாசி 10ஐத் தொட்டிருக்க வேண்டும், இந்த வாழ்க்கைத் தாளும் 10ஐத் தாண்டியிருக்க வேண்டும். இரண்டும் வேண்டும். அத்தை அங்கே பிறந்திருந்தால், 16.6ஐ வைத்துக்கொண்டு, 3 என்ற எண்ணால் வாசலில் நின்றிருப்பாள். ஆனாலும் அந்தத் தாள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். 13 வருஷ வியாதியில் அத்தை எத்தனையோ வைத்தியர்களைப் பார்த்திருக்கிறாள். உடுத்துகிற துணியில் சங்கடம் உண்டா என்று அவளை ஒருவர் கேட்டது அந்த மேசையில்தான்.

அன்றைக்கு அவளுக்கு எழுதிக் கொடுத்தது மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டரம்மா சீட்டில் ‘ஞாயிறு மட்டும்’ என்று எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டு, அத்தையை மூன்று முறை சொல்லச் சொன்னார். "ஞாயித்துக்கெழம. ஞாயித்துக்கெழம மட்டும். ஞாயித்துக்கெழம மட்டும் தாயி." மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மற்ற நாளில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை, தினமும் களிம்பு.

16 வாரம் ஆனது. ஆவணி வந்துவிட்டது. மறுபடி அதே பெஞ்சு, அதே இரண்டு தாள்கள்.

தோல் நன்றாகவே இறங்கியிருந்தது. முதுகு கிட்டத்தட்டத் தெளிவு. காலில் தடிப்பு போய் நிறம் மட்டும் நின்றது. பாசி 5.6. டாக்டரம்மாவின் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. வாழ்க்கைத் தாளை எடுத்து வேகமாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அரிப்பு கொஞ்சம், 1. ஐந்தாவது கேள்விக்கு வந்ததும் அத்தை அதே பதிலைச் சொன்னாள். "நான் எங்கயும் போறதில்லயே."

பேனா பொருந்தாது கட்டத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. டாக்டரம்மா பழைய தாளைப் புரட்டிப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடியதோ, பேனாவை மூடி மேசையில் வைத்தார். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எப்பவுமே போனதில்லையாம்மா? இல்ல, போயிட்டிருந்து விட்டதா?"

அத்தை பதில் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். வாசலில் நின்ற ஒரு பெண் தானாகவே இரண்டடி தள்ளிப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தள்ளிப் போனார்கள்.

"மின்னாடி போவேன் தாயி" என்றாள் அத்தை.

கொஞ்ச நேரம் கழித்து, "போன ஞாயித்துக்கெழம எங்க பெரியப்பா பேத்திக்குக் கல்யாணம். பத்திரிக்கை வச்சாக. போகல." அப்புறம் பூவைச் சொன்னாள். கூடையைச் சொன்னாள். கூலி வாங்காமல் வந்ததைச் சொன்னாள். நாரை அடுப்பில் போட்டதை மட்டும் சொல்லவில்லை. இந்த ஆவணி முகூர்த்தத்துக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் கட்டினார்கள், தான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்ததாகச் சொன்னாள். சொல்லும்போது ஒரு தடவைகூடக் கண் கலங்கவில்லை. வலது கைக் கட்டைவிரல் மட்டும் சுட்டுவிரலின் மேல் சுழன்றுகொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா பேனாவைத் திறந்து முதலிலிருந்து கேட்டார். இந்தத் தடவை தாளைப் பார்க்காமல் கேட்டார். கூச்சம் 2. கடை கண்ணி 1. ரவிக்கைக் கையைத் தொட்டுக் காட்டி, "இது?" என்றார். "அது ரொம்பத்தான்." 3. வெளியே போவது 3. விளையாட்டு, பொருந்தாது, அது நிஜமாகவே பொருந்தாது. வேலை, இந்த வாரம் முழுக்கத் தடைபட்டது, 3. சொந்தம் 1. ஒன்பதாவதைக் குரல் இறக்கிக் கேட்டுவிட்டே பொருந்தாது போட்டார். வைத்தியத் தொல்லை 1.

கூட்டினார். 15. மறுபடி கூட்டினார். 15தான். 11 முதல் 20 வரை என்றால் மிகப் பெரிய பாதிப்பு.

அத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவள், எண் தெரியும். இரண்டு தாளையும் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"கூடிருச்சா தாயி? மருந்து ஒத்துக்கலயா?"

"மருந்து நல்லாக் கேக்குதும்மா. இதப் பாருங்க." 16.6ஐயும் 5.6ஐயும் விரல் வைத்துக் காட்டினார்.

"அப்ப இது?"

டாக்டரம்மா உடனே ஒன்றும் சொல்லவில்லை. தீசிஸில் இந்த எண்ணை அவர் எப்படி விளக்குவார் என்று எனக்குத் தெரியவில்லை. போன தடவை கேட்ட விதம் ஒன்று, இந்தத் தடவை கேட்ட விதம் வேறு. ஒப்பிடக் கூடாது என்று அவருடைய பேராசிரியர் சொல்லக்கூடும். சொன்னால் அதுவும் நியாயம்தான். அவர் பழைய தாளை எடுத்து, வட்டம் போட்டிருந்த 3ஐப் பார்த்தார். அடிக்கவில்லை, திருத்தவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார்.

"இது அப்பவும் இவ்வளவு இருந்திருக்கும்மா."

"இருக்கும்" என்றாள் அத்தை.

மருந்து வாங்குகிற வரிசை வராந்தாவின் கடைசி வரைக்கும் நீண்டிருந்தது. அத்தை கட்டைப்பையிலிருந்து சம்புடத்தை எடுத்து, மூடியைத் திறந்து, முந்தானையால் உள்ளே ஒரு துடைப்புத் துடைத்துவிட்டு வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற சின்னப் பெண்ணின் பின்னலில் முல்லைச் சரம். பாதி நழுவி, நார் வெளியே தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டப்போகிறாள் என்று நினைத்தேன். நீட்டவில்லை.

"கண்ணி எறுகல" என்றாள் என்னிடம். "நார நனைக்காமக் கட்டியிருக்காக."